இரண்டு கிலோ நானூறு

ஜூலை 8, திங்கள்

திருச்சியிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். முதுகுளத்தூர் லாட்ஜில் அதே அறை, அதே ஒழுகும் குழாய். இரண்டு வருடத்துக்கு முன் மேனேஜரிடம் சொன்னபோது "நாளைக்குப் பாத்துருவோம்" என்றார். இன்றும் அதையே சொன்னார். சொன்ன சொல் மாறாத மனிதர்.

பத்து நாள் வேலை. 'முப்பது நாள்' திட்டத்தின் இறுதி மதிப்பீடு. பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், அதே ஊரில் பயிற்சி பெற்ற ஒரு பெண் முதல் முப்பது நாளில் ஐந்து தடவை அந்த வீட்டுக்குப் போவார். அவருக்குத் தாய்த்துணை என்று பெயர். பிள்ளை நன்றாகக் குடிக்கிறதா, உடம்பு சுடுகிறதா, தொப்புள் காய்ந்ததா என்று பார்ப்பார். தூக்குத் தராசில் எடை பார்த்துப் பதிவேட்டிலும் வீட்டு அட்டையிலும் எழுதுவார். எடை இறங்கிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். பதினான்கு ஊரில் நடக்கிறது. என் அறிக்கை நன்றாக வந்தால் இன்னும் அறுபது ஊருக்குப் போகும்.

நிறுவனத்தின் இயக்குநர் அருணகிரி சார் அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து, "நம்ம பதிவேட்டையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவந்ததே ரெஜினா மேடம்தான். போன தடவை அவங்க போட்ட சத்தத்துல எல்லாரும் நிமிர்ந்துட்டாங்க" என்றார். வெட்கப்படுகிறவள் மாதிரி நின்றேன். உள்ளுக்குள் இனித்தது.

ஜூலை 9, செவ்வாய்

நாள் முழுக்கப் பதிவேடுகள். போன தடவை நான் பார்த்தபோது எடைக் கட்டங்களில் மூன்றில் ஒன்று காலி. இப்போது ஒன்றுகூடக் காலி இல்லை. பதினான்கு ஊர், இரண்டு வருடம், அத்தனையும் நீல மையில், முத்து முத்தாக.

மதியம்வரை சந்தோஷமாக இருந்தேன்.

சாப்பிட்டு வந்து எண்களை மட்டும் வரிசையாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் எடை இறங்கும், பிறகுதான் ஏறும். நர்சிங் படிக்கிற பெண்ணுக்கே தெரிந்த விஷயம். இந்தப் பதினான்கு ஊரில் ஒரு பிள்ளைகூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் நூறு கிராம் கூடுதல், ஏழாம் நாள் இன்னொரு நூறு. எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள்.

தலை வலிக்கிறது. ஊருக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 10, புதன்

மூன்று ஊர். தாய்மார் எல்லாரும் ஒரே பதில்: "எடையெல்லாம் பாத்தாக." எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் தாய்த்துணையின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் தராசை எடுத்துவரச் சொன்னேன். பிள்ளையைக் கிடத்துகிற தூளித்துணி பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. கடையில் மடித்த மடிப்புக் கலையவில்லை.

வெயில். இரண்டு இளநீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று கீழக்கருவூரணி. சீமைக்கருவேலங்காடும் கரிமூட்டமும். ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் புகைதான் ஏறுகிறது. தாய்த்துணையின் பெயர் பூமயில். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவருக்குக் கரிமூட்டத்தில் வேலை. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எங்கேயோ பார்த்த முகம். இந்த வேலையில் நூறு முகம் பார்க்கிறோம், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது.

பதிவேடு சுத்தம். பட்டியல்படி ஆறு வீடு. ஐந்தாவது வீட்டைவிட்டு வெளியே வந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். தலைவாரிப் பூவைத்து, புதுச் சேலை கட்டி, யாருக்கோ காத்திருக்கிறவள் மாதிரி. பூமயில் நடையை எட்டிப் போட்டார்.

"என்னைய எழுதலையா?" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்த்து.

"உங்க பேரு பட்டியல்ல இல்லையேம்மா."

"எனக்கும் அவுகதான் வந்தாக," என்று பூமயிலைக் காட்டினாள்.

பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். 'உயிரோடிருக்கும் குழந்தையின் தாய்' என்று விதி வைத்தவளும் நான்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் கேள்விப் படிவத்தை நீட்டுவது இரக்கமில்லாத காரியம் என்று காரணம் எழுதியிருந்தேன். நல்ல காரணம்தான். "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆறாவது வீட்டுக்குப் போனேன்.

ஜூலை 12, வெள்ளி

வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே போகவில்லை. வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 13, சனி

பூமயிலிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். அந்தப் பெண்ணின் பெயர் கவிப்பிரியா. இருபத்திரண்டு வயது. மாமியார் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார், கணவன் திருப்பூரில். உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தாள். நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பொம்பளப் புள்ள. ஆசுபத்திரியில ரெண்டு கிலோ எரநூறு. சின்னதா இருக்கு, எடையைப் பாத்துக்கங்கன்னு சொல்லித்தான் அனுப்புனாக. மூணாம் நாள்லருந்து சரியாக் குடிக்கல. அழவும் இல்ல. அழாத புள்ள, நல்ல புள்ளைன்னு எல்லாரும் சொன்னாக. பதினோராம் நாள் விடியக்காலம் பால் குடுத்துட்டுப் படுத்தேன். முழிச்சுப் பாத்தா சில்லுன்னு கெடக்கு."

போன மார்கழியில். பெயர் வைத்தீர்களா என்று கேட்டுவிட்டேன். பதினாறாம் நாள்தான் வைப்பார்கள் என்றாள்.

பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து திட்டத்தின் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினாள். மூன்றாம் நாள்: 2.3. ஏழாம் நாள்: 2.4. நீல மை.

"இதான் மேடம் எனக்கு வினை. நான் தூக்கத்துல புள்ள மேல சாஞ்சிட்டேன்னு சொல்றாக. ஏழு நாள்ல ரெண்டு கிலோ நானூறுக்கு ஏறுன புள்ள வேற எப்படிச் சாகும்னு கேக்குறாக. எங்கத்தை, எங்க வீட்டுக்காரரு, ஊரு எல்லாரும்தான். ஆடி ஒண்ணாந் தேதி எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போறாரு. எனக்குத் தலையாடி முடிஞ்சே ரெண்டு வருசம் ஆச்சு. ஆடிக்குன்னு பேரு சொல்லி அனுப்புறாக, திரும்பக் கூப்புட மாட்டாக."

அழவில்லை. பல தடவை அழுது தீர்த்துவிட்டுப் பேசுகிறவளின் குரல்.

"நீங்க எல்லாத்தையும் சரிபாக்குறவுகளாமே. இதைப் பாத்துச் சொல்லுங்க. நான் சாஞ்சிட்டேனா?"

அட்டையை என் கையில் கொடுத்தாள். அந்த 2.4 பொய் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்றேன். வங்கி மேனேஜர் சொல்கிற மாதிரி.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். ஒப்புரவுக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வழக்கமானவற்றைச் சொன்னேன்: கோபம், பொறாமை, ஜெபம் தவறியது. சாமியார் வழக்கமான பரிகாரம் கொடுத்தார். சின்னப் பாவங்களைச் சொல்லிப் பெரியதைத் தாண்டிப் போவதில் எனக்கு நாற்பது வருடப் பழக்கம்.

லாட்ஜுக்கு வந்து பழைய மடிக்கணினிக் கோப்பைத் திறந்தேன். மார்ச் 2022, இடைக்கால மதிப்பீடு, என் களக்குறிப்பு. தேடவே வேண்டியிருக்கவில்லை. முகத்தை எங்கே பார்த்தேன் என்று வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். இந்த நாட்குறிப்பில்கூட மறைத்திருக்கிறேன்.

குறிப்பில் இருப்பது இதுதான்: 'கீழக்கருவூரணி, பூமயில். 31 கட்டங்கள் காலி. மிக மோசம். கூட்டத்தில் எழுப்பிச் சொல்லப்பட்டது.'

சொல்லப்பட்டது. யாரோ சொன்னது மாதிரி. நான்தான் சொன்னேன். பதினான்கு ஊர்த் தாய்த்துணைகள் முன்னால் அவரை எழுந்து நிற்கவைத்து, பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது பதிவேடா, கோலம் போட வச்ச புள்ளியா? பாதி போட்டு பாதி விட்டிருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி சாரும் சிரித்தார். சிரிப்பு வந்ததும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. "அடுத்த தடவை நான் வரும்போது ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்று எல்லாருக்குமாகச் சொன்னேன். பூமயில் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று அந்தப் பதிவேட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்திருந்தேன். இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு காலிக் கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலில் பொடி எழுத்து. 'மாமியார் விடவில்லை. நாளை போவேன்.' 'இன்றும் விடவில்லை.' 'மூன்றாம் தடவை, பார்த்தேன், 1.9, ஆஸ்பத்திரி அனுப்பியாச்சு.'

அன்றைக்கு நான் பென்சிலைப் படிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

பூமயில் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கேட்டேன்.

"கவிப்பிரியா பிள்ளையை எடை பாத்தீங்களா?"

"இல்ல மேடம்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏழு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருப்பார் போல.

"அந்த வீட்டுல பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளியாளு புள்ளயத் தொடக் கூடாது. தராசுல தொங்கவிட்டா கண்ணுபட்டு இளைச்சிரும்னு அந்தம்மா கதவைச் சாத்திருச்சு. இந்தப் பக்கம் பாதி வீட்டுல இப்படித்தான். வாசல்லயே நின்னு பாத்தேன். பொட்டலமாச் சுத்தி வச்சிருந்தாக, மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

"அப்ப 2.4ன்னு..."

"நானா எழுதுனது. வாசல்லருந்தே கண்ணால பாத்துக் கணிச்சேன்னு அவுககிட்டச் சொல்லிட்டேன்."

"பொய் எழுதச் சொல்லி நான் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"இல்ல மேடம். காலியா இருக்கக் கூடாதுன்னு சொன்னீக." குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கணக்கு வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னார். "முன்னெல்லாம் கட்டம் காலியாக் கெடந்தா எனக்கு மனசே ஆறாது. மறுநாள் போவேன், அதுக்கு மறுநாளும் போவேன். திட்டுவாக, தண்ணியக் கூட மேல ஊத்திருக்காக. மூணாந் தடவை நாலாந் தடவை விட்டுருவாக. எழுத ஆரம்பிச்ச பெறகு போகத் தோணல மேடம். அதான் எழுதியாச்சுல்ல."

கவிப்பிரியா மேல் ஊரே பழி போடுவது தெரியுமா என்று கேட்டேன். அந்தத் தெரு வழியே நடக்கவே முடியவில்லை என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா வேலை போயிரும். இந்த ஊருல யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. பயந்துட்டேன். நாளைக்கு ஆபீசுல மீட்டிங் இருக்குல்ல, நீங்க எடுத்துச் சொன்னீகன்னா கேப்பாக. அந்தப் புள்ளய அனுப்புறதுக்கு முன்னாடி நானும் கூட வந்து சொல்லிர்றேன்."

சொல்கிறேன் என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

மீட்டிங். பதினோரு பேர். எடைகளை நம்ப முடியாது என்று சொன்னேன். அருணகிரி சார் முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை. பதினைந்து வருடமாக இந்தப் புழுதியில் அலைகிறவர். எத்தனை ஊரில், என்ன ஆதாரம் என்று கேட்டார். கீழக்கருவூரணியைச் சொன்னேன், அங்கேதான் ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருந்தார். மற்ற ஊர்களைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள் அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அம்மாதானே மேடம். நீங்களே போன தடவை எல்லார் முன்னாடியும் எச்சரிச்சீங்க. அப்பவே எடுத்திருக்கணும். ஒரு ஆள் செஞ்ச தப்பு. அதை விலக்கிட்டா மத்தது சுத்தமா இருக்கும். அறுபது ஊர்ப் பிள்ளைகளை யோசிச்சுப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். எச்சரித்தவள் நான், கேட்காதது அவள். அந்தக் கதவு வழியே போனால் திருச்சிக்கு நல்ல பேரோடு போகலாம். என்னால்தான் அவர் எழுதினார் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நாக்கில் அந்த வாக்கியம் இருந்தது. டீ வந்தது. எடுத்துக்கொண்டேன். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான் நடந்தது. டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன்.

ஜூலை 17, புதன் (ஆடி 1)

காலை ஏழு மணிக்கே கீழக்கருவூரணிக்குப் போய்விட்டேன். பஸ் நிறுத்தத்தில் பூமயில் நின்றிருந்தார். திட்டத்தின் பச்சைச் சேலை கட்டியிருக்கவில்லை. தோளில் பையும் இல்லை. நான் காரணம் கேட்கவில்லை. அவரும் நேற்றைய மீட்டிங்கைப் பற்றிக் கேட்கவில்லை. "வாங்க மேடம், அவுகப்பா வந்துட்டாரு" என்று முன்னால் நடந்தார்.

கவிப்பிரியாவின் அப்பா கயிற்றுக் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். துணிப்பை கட்டி வாசலில் இருந்தது. மாமியாரின் பெயரே வழிவிட்டாள், இந்தப் பக்கத்துப் பெயர். உயரமான, எலும்பெடுத்த பெண். பூமயிலைக் கண்டதும், "இவ எதுக்கு இங்க?" என்றார்.

பூமயில் நேராகச் சொல்லிவிட்டார். "ஆத்தா, உங்க பேத்தியை நான் எடையே போடல. அட்டையில எழுதுனது பொய்யி. புள்ள எடை ஏறியே இருக்காது. கவி மேல தப்பு இல்ல."

வழிவிட்டாள் அவரை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் நான் குறுக்கே போய், "அவங்க மேல தப்பு இல்லம்மா. எழுத வச்சது நான். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு அவமானப்படுத்தினது நான்" என்றேன். இரண்டு வருடம் கழித்து, நேற்றைக்குச் சொல்லாத வாக்கியம். ஒத்திகை பார்த்தது மாதிரிதான் வந்தது.

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

சொன்னேன்.

"அப்ப நீங்க இங்க வரவே இல்லையே. நீங்க என்னத்துக்கு இதுல?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தூரத்தில் ஒரு கூட்டத்தில் நான் அடித்த கேலிக்கும் இந்த வீட்டுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவைக்க என்னிடம் சொல் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவளுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை.

கவிப்பிரியா அதுவரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எடை ஏறலைன்னா?" என்றாள் மெதுவாக. "அப்ப எம்புள்ள பசியோடயா போச்சு?"

பழி நீங்கினால் அவள் மூச்சு விடுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்வியை நான் நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது.

"அப்படித்தான் இருந்திருக்கும்மா," என்றேன். "உன் பால்ல குறை இல்ல. சின்னப் பிள்ளை, இழுத்துக் குடிக்கத் தெம்பு இருந்திருக்காது. எடை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியில குழாய் வச்சுக் கொடுத்திருப்பாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே வராத அழுகை. நான் கொண்டுவந்து கொடுத்தது இதைத்தான். அவள் அப்பா எழுந்து பக்கத்தில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறி உதறித் தோளில் போட்டார்.

"கதவைச் சாத்துனது நாந்தாண்டி," என்றார் வழிவிட்டாள். "இவ ரெண்டு நாளு வந்து நின்னா. தொடாதே போன்னு நாந்தான் வெரட்டுனேன். நீ சாயலடி. எம்மேலதான் இருக்கு." வாசலில் இருந்த துணிப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். "எங்கயும் போக வேணாம்."

கவிப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் அதே பையை எடுத்து வந்தாள்.

"போயிட்டு வர்றேன் அத்தை. ஆடி முடியட்டும். வர்றதா வேணாமான்னு நானே சொல்லி விடுறேன்." அப்பாவைப் பார்த்து, "வாங்கப்பா" என்றாள். பூமயிலின் அருகில் வந்தபோது நின்றாள். அவர் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

மீதி ஊர்களின் தாய்த்துணைகளோடு தனித்தனியாகப் பேசினேன். பதினொரு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர், "நீங்க பூமயிலை நிக்க வச்சீகல்ல, அன்னைக்கு வீட்டுக்குப் போயி எல்லாக் கட்டத்தையும் ரொப்பிட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

ஜூலை 22, திங்கள், திருச்சி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து அறிக்கையை முடித்து இன்று காலை அனுப்பினேன். எடைப் பதிவுகளை ஏற்க முடியாது. பொய்ப் பதிவு தொடங்கியது 2022 இடைக்கால மதிப்பீட்டுக்குப் பிறகு. அதற்குக் காரணம் மதிப்பீட்டாளர் எஸ். ரெஜினா நடந்துகொண்ட விதம். எடை பார்க்க முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுத வேண்டும், மறுநாள் திரும்பப் போக வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவர் பூமயில். அவரையே பயிற்சியாளராக வைக்கப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே.

மதியம் அருணகிரி சார் போன் செய்தார். கோபப்படவில்லை. களைத்த குரலில், "இப்படி எழுதணும்னு இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். பூமயிலை மீட்டிங் முடிஞ்ச கையோட எடுத்தாச்சு. சாயங்காலமே ஆள் போய்த் தராசு, பை, சேலை எல்லாம் வாங்கிட்டு வந்துட்டாங்க. வேற ஆளும் போட்டாச்சு," என்றார்.

அதாவது ஆடி ஒன்றாம் தேதி காலையில் அவர் என்னோடு வந்து நின்றபோது அவருக்கு வேலை இல்லை. நான் மீட்டிங்கில் பேசவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றேன்.

"நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க," என்றார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே."